றங்கூன் 1983: தொலைவிலிருந்து கொல்லுதல்

ஊரை அழிப்பதைவிடக் குறித்த ஆளை மட்டும் கொல்வது மேலல்லவா? ஆளில்லா விமானத் தாக்குதலை ஆதரிப்போரின் இந்த வாதம் இப்போது எங்கள் கூட்டங்களிலும் கேட்கிறது. யுத்தகளத்துக்கு வெளியே அமெரிக்கா இதை 2002 நவம்பரில் யேமனில் தொடங்கியது. 'குறித்த ஆள்' என்ற சொல்லை நாம் கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும்.

அதற்கு யங்கோன், அந்நாளைய றங்கூன், பொருத்தமான இடம். 1983 ஒக்ரோபர் 9 அன்று ஷ்வேடகொன் அருகே, அவுங் சான் முதலானோரின் நினைவு மண்டபக் கூரையில் வட கொரிய இராணுவத்தினர் மூவர் ஒளித்துவைத்த குண்டு தொலைவிலிருந்து வெடிக்கவைக்கப்பட்டது. குறி தென் கொரிய ஜனாதிபதி சுன் டூ-ஹ்வான். அவரோ இன்னும் வந்து சேரவில்லை. இறந்தவர்கள் 21 பேர்: வெளிவிவகார அமைச்சர் உட்படக் கொரியர் 17, மீதி பர்மியர். 1980இல் குவாங்ஜூ மக்களைக் கொன்றொழித்த சுன்னுக்காக நாம் கண்ணீர்விட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கில் பர்மியருக்கு என்ன பங்கு?

அதன் பின் நடந்ததுதான் முக்கியம். மூவரில் ஒருவர் தேடுதலில் கொல்லப்பட்டார். மற்ற இருவரையும் பர்மா நீதிமன்றில் நிறுத்தியது. ஒருவர் தூக்கிலிடப்பட்டார், உண்மையைச் சொன்ன காங் மின்-சுல் 2008இல் இன்செயின் சிறையில் இறந்தார். நே வின் ஆட்சி நீதிக்குப் பேர்போனதல்ல. ஆயினும் உயிரோடு பிடித்தபடியால்தான் அனுப்பியவர் யாரென்பது வெளிவந்தது. பியோங்யாங் மறுத்துக்கொண்டேயிருந்தது.

மீகொங் ஆற்றில் 2011இல் 13 சீன மாலுமிகள் கொல்லப்பட்டனர். அதற்காகத் தேடப்பட்ட, பர்மிய மலைகளில் ஒளிந்திருந்த நோ காமை ஆளில்லா விமானத்தால் கொல்லத் திட்டமிருந்ததைச் சீன அதிகாரி லியூ யுவெஜின் 2013இல் சொன்னார். உயிரோடு வேண்டுமென்பதால் அது கைவிடப்பட்டதாம். பிடித்தபின் அவரது மரணதண்டனை தொலைக்காட்சிக் கூத்தானது வேறு கதை.

கருவி திருந்தியதால் குறியும் திருந்திவிடவில்லை. 2021 ஓகஸ்ட் 29 அன்று காபூலில் தண்ணீர்க் கலன்களைக் குண்டென்று கண்டார்கள். மாண்டவர் பத்துப்பேர், அதில் ஏழு குழந்தைகள். குறி தப்பாதிருந்தாலும் என்ன? 1994 மே முதல் நாள் பாரிஸில் சபாலிங்கத்தைச் சுட்ட துப்பாக்கி குறி தப்பவில்லை. யுத்தமில்லாத நகரில், விசாரணையில்லாத தீர்ப்பு. அன்று வாய்மூடியிருந்த நாம் இன்று துல்லியம் பற்றிப் பேசுகிறோம்.

2025 யூலையில், பர்மாவின் சகாயிங் பகுதியிலுள்ள தம் முகாம்களை இந்திய ஆளில்லா விமானங்கள் தாக்கியதாக உல்ஃபா அமைப்பின் பேச்சுவார்த்தையை ஏற்காத பிரிவு அறிவித்தது. அப்படியொன்று தனக்குத் தெரியாதென்றது இந்திய இராணுவம். இம்முறை பிடித்து நீதிமன்றில் நிறுத்த, விமானத்தில் ஆளேயில்லை.