துருவேறிய அழகு

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே பலூஸ் என்றொரு கோதுமைச் சீமை இருக்கிறது. கஸ்கேடு மலைத்தொடர் மழையில் பெரும்பங்கை மேற்கிலேயே இறக்கிவிடுவதால் மலைக்கு இந்தப் பக்கம் வறண்ட காற்று. உழைத்து ஓய்ந்து வயலோரம் நிற்கும் பழைய பிக்கப் வண்டிகள் இங்கே நிதானமாகத் துருப்பிடிக்கின்றன. கேமராக்காரர்களுக்கு அந்த நிதானம்தான் விருந்து.

1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த செவ்ரலே ‘அட்வான்ஸ் டிசைன்’ வண்டியை எடுத்துக்கொள்வோம். முன்முகத்தில் படுக்கைவாட்டில் ஐந்து கம்பிகள். இருபுறமும் உருண்டு திரண்ட மட்கார்டுகள்; ஹெட்லைட்டுகள் அவற்றிலேயே பதிந்திருக்கும். முன்கண்ணாடி இரண்டு பாதி, நடுவே ஒரு பட்டை. 1954இல் கண்ணாடி ஒன்றாகிவிட்டது, கிரில்லும் மாறிவிட்டது. ஆகவே நடுப்பட்டையைக் கண்டதுமே ரசிகர்கள் வண்டியின் வயதைக் கணித்துவிடுவார்கள். விலை கூடிய கேபினின் பின்மூலைகளில் வளைந்த கண்ணாடி உண்டு. சரியான இடத்தில் நின்றால் அந்த மூலைக்கண்ணாடி வழியே வானத்தின் ஒரு துண்டு தெரியும். கனத்த இரும்புக்கு அங்கே ஒரு மூச்சு கிடைக்கிறது.

துருவுக்கும் ஒழுங்கு உண்டு. வெயிலை நேரே வாங்கிய கூரையும் பானெட்டும் முதலில் தேய்கின்றன: மேலே பச்சை, அது மெலிந்த இடத்தில் செந்நிற ப்ரைமர், அதுவும் போன இடத்தில் காவி, கருஞ்சிவப்பு; பச்சை வண்டிகளில் இதுதான் வரிசை. கதவின் பக்கவாட்டில் மட்டும் பச்சை இன்னும் மிச்சமிருக்கும். சில கதவுகளில் பண்ணைக்காரர் எழுதிவைத்த பெயரின் மங்கல் வடிவம். ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் விளிம்பில் மட்டும் பெயின்ட் தேய்ந்திருந்தால், ஒருவர் பல காலம் முழங்கை ஊன்றிய இடம் அது.

இதையெல்லாம் பிடிக்க உச்சிவெயில் உதவாது. பொழுது சாய்கையில் பக்கவாட்டில் விழும் ஒளியில்தான் துருவின் ஒவ்வொரு கொப்புளமும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். லென்ஸில் போலரைசர் வடிகட்டி பொருத்தினால் பெயின்ட்டின் மேல் மிதக்கும் பளபளப்பு விலகி, அடியில் இருக்கும் நிறம் ஆழமாகத் தெரியும்.

இப்படி எடுத்த படங்களைக் குவளையிலும் பையிலும் அச்சிடுவதுண்டு. படம் பீங்கான் குவளைக்கு வரும்போது இன்னொரு நயம். சப்ளிமேஷன் முறையில், காகிதத்தில் இடவலம் மாற்றி அச்சிட்ட சாயம் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆவியாகிக் குவளையின் பாலிமர் பூச்சுக்குள் இறங்குகிறது. இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. ஹெட்லைட் வளையத்தில் மின்னும் அந்த வெள்ளைப் பொட்டு, சாயம் படாமல் விட்ட குவளையின் சொந்த வெண்மை. அதனால்தான் நல்ல அச்சில் குரோமியத்தின் மினுக்கம் அவ்வளவு உயிரோடு இருக்கிறது.

பக்கவாட்டில் எடுத்த முழு வண்டியைக் குவளையைச் சுற்றி ஒட்டினால், எங்கிருந்து பார்த்தாலும் அது முழுதாகத் தெரியாது. குடிப்பவருக்கு மூக்கு, எதிரே அமர்ந்தவருக்கு வால். வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பதுபோல் குவளையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். தேர்ந்தவர்கள் இதை எண்ணியே படத்தை நிறுத்துகிறார்கள்: மட்கார்டின் வளைவு குவளையின் வளைவோடு சேர்ந்து ஓடுமாறு.

பருத்திப் பை வேறு கணக்கு. சப்ளிமேஷன் சாயம் பருத்தியில் நிலைக்காது. ஸ்கிரீன் பிரிண்டிங் போன்ற வழிகள்தான் சரி. அங்கே துருவின் நுண்புள்ளிகளை நெசவு விழுங்கிவிடும். பின்கதவில் புடைத்து நிற்கும் செவ்ரலே எழுத்துகள், ஐந்து கம்பிகள் போன்ற திடமான வடிவங்கள்தான் தாங்கும். எந்தப் படம் எந்தப் பொருளுக்கு என்று அறிவதில் பாதிக் கலை இருக்கிறது.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாலும் இந்த வண்டி அழகுதான். ஆனால் மூட்டை சுமக்கவே பிறந்த வண்டிக்கு, உருளைக்கிழங்கும் வெங்காயமும் சுமக்கும் பை இன்னும் பொருத்தமான இடம்.