ஓப்பன் வெப்யூஐ: பெட்டி இலவசம், பேச்சுக்குக் காசு

சாட்ஜிபிடி பழகியவர்களுக்கு ஓப்பன் வெப்யூஐயில் எதுவும் புதிதாகத் தெரியாது. இடப்பக்கம் பழைய உரையாடல்கள், நடுவில் கேள்விப் பெட்டி, மேலே மாடலின் பெயர். ஆனால் இந்தப் பக்கம் நம் கணினியிலிருந்தே வருகிறது. சொந்தக் கணினியில் ஓடும் சிறு மாடல்களுக்கு முகப்பாக, ஒல்லாமா வெப்யூஐ என்ற பெயரில் தொடங்கியது இது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத என் பழைய லேப்டாப்பில் அந்த மாடல்கள் தவழ்ந்துதான் பதில் சொல்லும். ஆகவே முகப்பை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு, மூளையை கிளவுடிலிருந்து வாடகைக்கு எடுத்தேன்.

நிரல்களை 'கன்டெய்னர்' எனும் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் இருந்தால் நிறுவுவது ஒரே கட்டளைதான். முதலில் கணக்கு தொடங்குபவரே அட்மின் ஆகிவிடுவார். எனவே அலுவலகத்தில் நாலு பேருக்கு முகவரியைச் சொல்வதற்கு முன் நாம் உள்ளே போய்விடுவது நல்லது. அடுத்து அட்மின் செட்டிங்ஸில் 'கனெக்‌ஷன்ஸ்' பகுதி. சேவையின் முகவரி, ஏபிஐ கீ இரண்டும் கொடுத்தால் போதும். ஓப்பன்ஏஐயின் ஏபிஐ வடிவத்தையே பலரும் பின்பற்றுவதால் ஓப்பன்ரவுட்டர், டீப்சீக், மிஸ்ட்ரல் எல்லாம் இதே வழியில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

அமேசான் பெட்ராக்குக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. அதன் கன்வர்ஸ் ஏபிஐ வேறு வடிவம் கொண்டது. நடுவில் லைட்எல்எல்எம் என்ற நிரலை வைத்தால் இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்கு மாற்றித் தருகிறது. அது வழக்கமாக 4000-வது போர்ட்டில் ஓடும். இரண்டும் ஒரே லேப்டாப்பில்தானே என்று 'லோக்கல்ஹோஸ்ட்' எனக் கொடுத்தால் இணைப்பு கிடைக்காது. டாக்கருக்குள் அந்தச் சொல் கன்டெய்னரையே குறிக்கும். 'ஹோஸ்ட் டாட் டாக்கர் டாட் இன்டர்னல்' என்று கொடுக்க வேண்டும். இந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு. டேட்டாபேஸ் ஒன்றையும் இணைத்துவிட்டால், ஆளுக்கொரு கீ, ஒவ்வொரு கீக்கும் இவ்வளவுதான் செலவு என்று லைட்எல்எல்எம்மில் வரம்பு கட்டலாம்.

அந்த வரம்பு தேவைதான். மாதச் சந்தாவில் தெரியாமல் போகும் விஷயங்கள் இங்கே பில்லில் தெரியவரும். இந்த ஏபிஐக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கேள்வியோடும் அதுவரை பேசியது முழுவதையும் முகப்பு திரும்ப அனுப்புகிறது. கட்டணம் டோக்கன் கணக்கில், அதாவது மாடல் உரையை வெட்டிக்கொள்ளும் துண்டுகளின் எண்ணிக்கையில். ஒரு கேள்வியும் பதிலும் சேர்ந்து 500 டோக்கன் என்று வைத்துக்கொள்வோம். 20-வது கேள்வி போகும்போது பழைய 9,500 டோக்கனும் கூடவே போகும். விஷயம் மாறினால் புது உரையாடல் தொடங்குவதுதான் இதற்கு மருந்து. சில சேவைகள் திரும்ப வரும் பகுதிக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன, இலவசமாக விடுவதில்லை.

இன்னொன்று கண்ணில் படாத செலவு. உரையாடலுக்குத் தலைப்பு வைப்பது, டேக் போடுவது, அடுத்து என்ன கேட்கலாம் என்று யோசனை சொல்வது எல்லாமே பின்னணியில் மாடலிடம் போகும் தனிக் கேள்விகள். இதற்கென வேறு மாடல் அமைக்காவிட்டால், நாம் பேசிக்கொண்டிருக்கும் விலை உயர்ந்த மாடலே தலைப்பும் எழுதும். செட்டிங்ஸில் 'டாஸ்க் மாடல்' என்ற இடத்தில் மலிவான ஒன்றைப் போட்டுவிடுங்கள். நிறுவியதும் நான் முதலில் மாற்றுவது இதைத்தான்.

தமிழில் கேட்பவர்கள் டோக்கன் கணக்கை இன்னும் கவனிக்க வேண்டும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ ஒரு மாதிரிப் பத்தியைப் பல மொழிகளில் வெட்டிக் காட்டியது. தமிழில் 116 டோக்கனாக இருந்தது 35 ஆனது. ஆங்கிலத்தில் 27 என்பது 24 ஆனது. பெரிய முன்னேற்றம், ஆனாலும் நமக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு நிறுவனமும் சொற்களைத் தன் வழியில் வெட்டுவதால், விலைப்பட்டியலை மட்டும் பார்த்து மாடல் தேர்ந்தெடுப்பது வீண். ஒரே தமிழ்ப் பத்தியை இரண்டு மூன்று மாடலுக்கும் கொடுத்து, பதிலுக்குக் கீழே காட்டும் டோக்கன் எண்ணிக்கையைப் பாருங்கள்.

பிடிஎஃப் ஏற்றி அதிலிருந்து கேள்வி கேட்கும் வசதியில்தான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். பொருத்தமான பக்கத்தைத் தேடி எடுக்க, ஆங்கிலத்துக்காகப் பயிற்றப்பட்ட மினிஎல்எம் என்ற சிறிய மாடலை இயல்பாக வைத்திருக்கிறார்கள். தமிழ் ஆவணம் என்றால் அது சம்பந்தமில்லாத பத்தியைத் தூக்கிக் கொடுக்கும். பின்னால் எவ்வளவு பெரிய மாடல் இருந்தும் பயனில்லை. பிஜிஇ-எம்3 போன்ற பன்மொழி மாடலுக்கு மாற்றி, ஆவணங்களை மறுபடி அட்டவணைப்படுத்தினால் நிலைமை தேறுகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பு என்றால் அதுவும் உதவாது. உள்ளே இருப்பது ரோமன் எழுத்துகளின் குவியல். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

சொந்த சர்வர் என்பதால் ரகசியம் காக்கப்படும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உரையாடல் வரலாறு நம் டிஸ்க்கில் இருக்கிறது, உண்மை. ஆனால் கேட்பது ஒவ்வொன்றும் கிளவுட் நிறுவனத்தின் கணினிக்குப் போய்த்தான் பதிலாகத் திரும்புகிறது. வாடிக்கையாளரின் ஆதார் நகலை ஏற்றுமுன் அந்த நிறுவனத்தின் விதிகளைப் படியுங்கள்.

தனி ஆளாகத் தினமும் மணிக்கணக்கில் பேசுபவருக்கு சாட்ஜிபிடியின் மாதம் 20 டாலர் சந்தாவே நிம்மதி. எப்போதாவது கேட்பவருக்கும், ஐந்தாறு பேர் ஒரே கணக்கைப் பங்குபோட நினைக்கும் சிறு அலுவலகத்துக்கும் ஓப்பன் வெப்யூஐயைத் தயங்காமல் சொல்வேன். தங்கள் கம்பெனி பெயரையும் லோகோவையும் முகப்பில் ஒட்ட நினைப்பவர்கள் உரிமத்தைப் பார்த்துக்கொள்ளவும்: 2025-இல் வந்த 0.6.6 பதிப்பிலிருந்து, 50 பேருக்கு மேல் பயன்படுத்தும் இடங்களில் தனி அனுமதி இல்லாமல் ஓப்பன் வெப்யூஐயின் பெயரையும் லோகோவையும் மாற்ற முடியாது.