மெய்நிகர் உலகமும் திணைக்கோட்பாடும்: அறிவியல் புனைவு மேசை விளையாட்டுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் அறிவியல் புனைவு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் புதினம், சிறுகதை என்னும் இரு வடிவங்களோடு நின்றுவிடுகின்றன. அப்புனைவு, மேசையைச் சுற்றி அமர்ந்து பேசியே ஆடும் விளையாட்டாகவும் வளர்ந்திருப்பது நம் ஆய்வுலகின் கவனத்தைப் பெரிதும் பெறவில்லை. ஒருவர் நடத்துநராக இருந்து சூழலை விரித்துரைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று, அப்பாத்திரம் செய்வதை வாய்மொழியாகக் கூறுவர். முடிவு ஐயத்திற்குரியதாக உள்ள இடங்களில் பகடை உருட்டப்படும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையின் முன்னோடியாகும். 1977இல் வெளிவந்த ‘டிராவலர்’ விண்வெளியைக் களமாக்கியது. 1988இல் ‘சைபர்பங்க்’, 1989இல் ‘ஷேடோரன்’ ஆகியன கணினி வலைக்குள் பாத்திரங்கள் புகுந்து இயங்கும் மெய்நிகர் உலகத்தை ஆட்டத்தின் பகுதியாக்கின.

இங்கு ஒரு படைப்புச் சிக்கல் எழுகின்றது. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போருக்கு ஆட்டத்தின் உலகமே கற்பனை. அதற்குள் பாத்திரம் நுழையும் மெய்நிகர் உலகம் கற்பனைக்குள் கற்பனை. இரண்டாம் அடுக்கில் நிகழ்வதற்கு எடை எங்கிருந்து வரும்? இவ்வினாவைத் தொல்காப்பிய முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழமை கோரும் போக்கு

புதிய துறை எதுவாயினும் அது முன்னரே நம்மிடம் இருந்தது என்று நிறுவ முனைவது தமிழ் ஆய்வில் அடிக்கடி காணப்படும் போக்காகும். மணிமேகலையின் பளிக்கறையைச் சுட்டி, மெய்நிகர் உலகம் அன்றே அறியப்பட்டிருந்தது என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் காப்பியம் காட்டுவது வேறு. அம்மண்டபத்தின் உள்ளிருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் வெளிவராது. உள்ளே இருப்பவள் உண்மையான மணிமேகலை. உருவத்தை மட்டும் கண்டு மயங்குபவன் வெளியே நிற்கும் உதயகுமரன். மெய்நிகர் உலகிலோ உட்புகுந்தவரே மயக்கத்திற்கு ஆட்படுகின்றார். எனவே இவ்வொப்புமை பொருந்துவதன்று.

அக்காப்பியத்திலேயே நமக்குப் பயன்படும் பகுதி பிறிதொன்று உள்ளது. உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் வடிவம் கொள்கின்றாள். காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் அவளைத் தன் மனைவியென்றே எண்ணி, உதயகுமரனை வாளால் வெட்டுகின்றான். இங்கு உரு பொய். சினம் மெய், சாவு மெய். ஏற்ற வடிவம் பொய்யாயினும் அதன் விளைவு பொய்யாகாது என்னும் இவ்வமைப்பே மெய்நிகர் உலகைப் படைப்போர் கருத வேண்டியது. இதனைத் தொழில்நுட்ப முன்னறிவாகக் கொள்ளாமல், புனைவு இயங்கும் முறை பற்றிய தெளிவாகக் கொள்வதே தகும்.

மயங்குவனவும் மயங்காதனவும்

தொல்காப்பியர் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருளாக்கினார். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவற்றை உரிப்பொருளாக வகுத்தார். விளையாட்டு நூல்களில் உலகப் படைப்பு எனப்படும் பகுதியைப் புரட்டினால், அவை பெரும்பாலும் முதற்பொருளும் கருப்பொருளுமாகவே நிரம்பியிருத்தலைக் காணலாம். கோள்கள், நகரங்கள், ஆயுதங்கள், வாகனங்கள், விலைப்பட்டியல்கள் எனப் பக்கங்கள் நீளும். உரிப்பொருளுக்கு இணையான ஒன்றை ஆடுவோரே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது.

உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று அகத்திணையியல் இடந்தருகின்றது. மருதத்துப் பறவை நெய்தலில் தோன்றலாம்; பொழுதும் மாறி வரலாம். மெய்நிகர் உலகப் படைப்பிற்கு இதைவிடத் தெளிவான விதி தேவையில்லை. அவ்வுலகில் நிலத்தைத் தலைகீழாக்கலாம், கதிரவனை நிறுத்தலாம், மீனைப் பறக்க விடலாம். ஆனால் பாத்திரத்தின் உரிப்பொருள் இரு உலகங்களிலும் தொடர்ந்தாக வேண்டும். வெளியே பிரிவில் இருப்பவள் உள்ளேயும் அப்பிரிவின் எடையைச் சுமந்தே செல்ல வேண்டும். அத்தொடர்ச்சி அறுந்தால் மெய்நிகர் உலகம் வெறும் காட்சிக்கூடமாகிவிடும்.

பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் வகுக்காததும் இங்குச் சுட்டத்தக்கது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரக் கருத்து. ஆகவே பாலை, நிலம் எய்தும் ஒரு நிலை எனலாம். மெய்நிகர் உலகையும் அவ்வாறு கொள்ளுதல் தகும். அதனைத் தனி நாடாக வரைவதினும், மேசையில் முன்னரே நிறுவப்பட்ட உலகம் திரிந்து தோன்றும் நிலையாக வரைவதே ஆட்டத்திற்கு வலுச் சேர்க்கும்.

விளையாட்டுகளின் படிப்பினை

இக்கருத்தை அவ்விளையாட்டுகளின் வரலாறே உறுதிப்படுத்துகின்றது. தொடக்ககால ‘சைபர்பங்க்’, ‘ஷேடோரன்’ ஆகியவற்றில் வலைக்குள் புகும் ஆற்றல் குழுவில் பெரும்பாலும் ஒருவருக்கே உரியது. அவர் உள்ளே தனியே போரிட, நடத்துநர் அவருடன் மட்டும் உரையாட, ஏனையோர் கைகட்டிக் காத்திருக்க நேர்ந்தது. மெய்நிகர் உலகம் அங்குத் தனி நிலமாக வெட்டி வைக்கப்பட்டிருந்ததே இதற்குக் காரணம். 2005இல் வெளியான ‘ஷேடோரன்’ நான்காம் பதிப்பு கம்பியில்லா வலையைக் கொணர்ந்து, மெய்நிகர்க் காட்சிகளைத் தெருவின் மீதே படியச் செய்தது. 2020இல் வந்த ‘சைபர்பங்க் ரெட்’ வலைக்குள் புகுபவர் தம் குழுவினருடன் அவ்விடத்திற்கே வந்து, அவர்களோடு ஒரே சுற்றில் இயங்குமாறு விதிகளை மாற்றியது. தனி நிலம் என்பதிலிருந்து திரிந்த நிலை என்பதை நோக்கிய நகர்வாக இதனைக் கொள்ளலாம். எனினும் இத்திருத்தங்கள் இடச்சிக்கலையே தீர்த்தன; உரிப்பொருள் பற்றிய வினா எஞ்சியே நிற்கின்றது.

தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இவ்வினாவை வேறு முனையிலிருந்து தொடுகின்றது. அப்புதினத்தில் நாட்டை ஆளும் ஜீவா ஒளியால் ஆன முப்பரிமாணப் பிம்பம். மெய் என்னும் சொல் தமிழில் உடலையும் உண்மையையும் ஒருங்கே குறிக்கும். ஜீவாவுக்கு இவ்விரு மெய்யும் இல்லை; ஆயினும் அவன் ஆணையால் மக்கள் படும் அச்சமும் இழப்பும் மெய்யானவை. மெய்ப்பாட்டியல் கூறும் அச்சமும் அழுகையும் ஆளும் பிம்பத்திடம் தோன்றவில்லை. ஆளப்படுவோர் உடலில் தோன்றுகின்றன. மெய்நிகர் உலகின் எடை படைத்தோரிடம் இல்லை, அதற்கு ஆட்படுவோரிடமே உள்ளது என்பது இதனால் பெறப்படும்.

நெய்யாற்றங்கரைக் களம்

கோட்பாட்டை ஒரு களத்தில் பொருத்திக் காண்பது பயனுடையது. திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட செங்கல் என்னும் எல்லைச் சிற்றூரைக் கொள்வோம். இங்குள்ள மகேசுவரம் சிவபார்வதி கோயிலில் இந்நூற்றாண்டில் எழுப்பப்பட்ட 111.2 அடி உயரச் சிவலிங்க வடிவக் கட்டடம் உள்ளது. அதனுள் நிலைநிலையாக ஏறிச் சென்று உச்சியில் கயிலாயக் காட்சியை அடையுமாறு அமைத்துள்ளனர். நடந்து சென்று நுகரும் புனைந்த உலகம் இது. ஆனால் வழி ஒன்றே, முடிவும் ஒன்றே. அடியார்க்கு அதுவே வேண்டுவது. ஆட்டத்தில் வழி பலவாகிப் பிரிதல் வேண்டும். தவறான தேர்வுக்கும் இடமிருத்தல் வேண்டும். காணும் உலகிற்கும் ஆடும் உலகிற்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

இனி, அப்பகுதியின் ஆற்றை நோக்குவோம். நெய்யாறு அகத்தியமலையில் தோன்றிப் பூவாறில் கடல் சேர்வது. குறிஞ்சி முதல் நெய்தல் வரை குறுகிய தொலைவில் அடங்கிவிடுகின்றது. 1956 மாநிலச் சீரமைப்பில் விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. தமிழர் கோரிய நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் வழி விளவங்கோட்டு நிலங்களுக்கு வந்த நீர் 2004இல் நிறுத்தப்பட்டது. இதனைக் களமாக்கி அறிவியல் புனைவு ஆட்டம் ஒன்று அமைப்பதாகக் கொள்வோம். எதிர்காலத்தில் உழவர்கள் மெய்நிகர் நெய்யாற்றுக்குள் நுழைகின்றனர். அங்கு எல்லையும் இல்லை, மதகும் இல்லை, கால்வாய் நிறைந்து ஓடுகின்றது. வெளியே அதே கால்வாய் வறண்டு கிடக்கின்றது.

இவ்வாட்டத்தில் மெய்நிகர் நீரை அழகுற வருணிப்பதோடு நின்றால் அது ஆறுதல் தரும் பொய்யாக முடியும். உள்ளே நாற்று நட்டவர் வெளியே வந்து தரிசைக் காணும் கணத்தில் அவருக்கு என்ன நேர்கின்றது என்பதற்கு விதி வேண்டும். மீண்டும் உள்ளே போக விழைவாரா, வெளியே நீருக்காகப் போராட எழுவாரா என்னும் தேர்வு ஆடுவோரிடம் விடப்படல் வேண்டும். மருதம் உள்ளே, பாலை வெளியே. இரண்டையும் பிணைப்பது இரங்கல் என்னும் ஒரே உரிப்பொருள். அவ்வுழவர் உள்ளே தமிழும் மலையாளமும் கலந்து பேசுவதை நடத்துநர் திருத்தாமல் விடுவதும் அவ்வுலகின் உண்மைக்குத் துணைசெய்யும்.

தொகுப்புரை

மெய்நிகர் உலகப் படைப்பில் முதற்பொருளும் கருப்பொருளும் வரையறையின்றி மயங்கலாம். உரிப்பொருள் இரு உலகங்களிலும் தொடர வேண்டும். அவ்வுலகம் தனி நிலமாக நிற்பதினும் பாலை போலத் திரிந்த நிலையாக அமைவது சிறப்பு. அதன் எடை, ஆட்படுவோரின் மெய்ப்பாட்டால் அளக்கப்பட வேண்டும். திணைக்கோட்பாட்டைப் பழம்பெருமையின் சான்றாக மட்டும் போற்றிவந்த நாம், புதிய புனைவுகளை மதிப்பிடும் அளவுகோலாகவும் அதனைக் கையாள முடியும் என்பது இவ்வாய்வால் தெளிவாகின்றது. இல்லாத நீரைக் காட்டும் உலகம், இல்லாமையை மறக்கச் செய்கின்றதா, நினைவூட்டுகின்றதா என்று கேட்பது திறனாய்வாளர் கடனாகும்.