வின்செஸ்டர் 1873: சுடுவதற்கா, சேர்த்து வைப்பதற்கா?

குதிரையில் பாய்ந்துகொண்டே ஒற்றைக் கையால் லீவரைச் சுழற்றிச் சுடும் சினிமா காட்சிகளை நம்பி வின்செஸ்டர் 1873-ஐக் கையில் வாங்கினால் தோள் இறங்கிவிடும். 24 அங்குல எண்பட்டைக் குழல் கொண்ட ரைஃபிள் ஏறக்குறைய நான்கு கிலோ. குழலுக்கு அடியில் ஓடும் குழாயில் 15 தோட்டாக்களையும் நிரப்பிவிட்டால் முன்பக்கம் இன்னும் கனக்கும். சினிமாக்காரர்கள் பெரும்பாலும் எடுப்பது 20 அங்குலக் கார்பைனைத்தான்.

அரிசோனாவில் ஒரு சேகரிப்பாளரிடம் நான் சுட்டுப் பார்த்தது 1880-களில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூஹேவன் ஆலையில் செய்த ரைஃபிள். மேல்பூச்சு போய் இரும்பு முழுக்கப் பழுப்பேறிக் கிடக்கிறது. ஆனால் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் புரிகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. சுட நினைப்பவருக்கு அதுதான் முக்கியம்.

இந்தத் துப்பாக்கியின் சுகமே அதன் லீவரில்தான் இருக்கிறது. அதைக் கீழே தள்ளினால் உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இணைப்புத் தண்டுகள் முழங்கால் போல மடங்கும். போல்ட் பின்னால் போய்ச் சுத்தியலை மடக்கி வைக்கும். லீவர் கடைசி எல்லையைத் தொடும்போது ஒரு பித்தளைக் கட்டை செங்குத்தாக எழுந்து, காலித் தோட்டாவை மேலே எறிந்துவிட்டுப் புதியதைக் குழலுக்கு நேராக ஏந்தி நிற்கும். லீவரை இழுத்து மூடினால் தோட்டா உள்ளே, கட்டை கீழே. சுட ஆயத்தம். ஒரே திருகாணியைக் கழற்றினால் பக்கத் தகடுகள் வந்துவிடும். மொத்த இயக்கத்தையும் கண்ணால் பார்க்கலாம். வாங்கும் முன் அதைப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் நான் வாங்க மாட்டேன்.

இதன் 44-40 தோட்டாவில் 40 கிரெயின் கருப்பு வெடிமருந்து, 200 கிரெயின் ஈயக் குண்டு. வேகம் நொடிக்குச் சுமார் 1,250 அடி. இன்றைய கணக்கில் இது கைத்துப்பாக்கித் தோட்டாதான். 1870-களின் இறுதியில் கோல்ட் நிறுவனம் இதே தோட்டாவுக்கு ரிவால்வரும் செய்தது. ஒரே பெட்டித் தோட்டாவில் இரண்டையும் சுடலாம் என்பது அந்நாளில் பெரிய வசதி.

உதைப்பு லேசானது. சுட்டதும் எழும் வெள்ளைப் புகைதான் இலக்கை மறைத்து அடுத்த குண்டைத் தாமதப்படுத்துகிறது. 50 கெஜத்தில் குண்டுகள் கையகலத்துக்குள் விழுந்தன. 100 கெஜத்துக்கு மேல் குண்டு வேகமாகத் தாழத் தொடங்குவதால் பின்குறியை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். பிறை போல வளைந்த இரும்பு அடித்தகட்டை இன்றைய ரைஃபிள் பழக்கத்தில் தோள்குழியில் வைத்தால் அதன் முனை குத்தும். கொஞ்சம் வெளியே தள்ளி, தோளும் கையும் சேரும் இடத்தில் வைக்க வேண்டும்.

44-40 தோட்டாவின் பித்தளைக் கழுத்து மெல்லியது. வெடிக்கும்போது விரிந்து அறையை அடைத்துக்கொள்வதால் கரி பின்னால் அதிகம் வராது. லீவர் சிக்காமல் ஓடுகிறது. காலித் தோட்டாவில் மறுபடி மருந்தடைப்பவர்கள் இதே கழுத்தைத்தான் திட்டுவார்கள், கை தவறினால் நசுங்கிவிடும். குண்டின் முனை தட்டையாகத்தான் இருக்க வேண்டும். குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது கூர்முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைப்பு மூடியை இடித்து வெடிக்க வைக்கலாம். பழைய குழல்களின் உள்விட்டம் ஒன்றுபோல் இருக்காது. மென்மையான ஈயத்தைக் குழலில் ஓட்டி அளந்த பிறகே குண்டு வார்ப்பது நல்லது. சுட்ட அன்றே சோப்புக் கலந்த வெந்நீரில் குழலைக் கழுவி எண்ணெய் இடாவிட்டால் துரு நிச்சயம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த இணைப்புத் தண்டுகள் அதிக அழுத்தம் தாங்காது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1892 மாடல் அதைவிட மிக வலுவானது. அதற்காக அதிவேக 44-40 தோட்டாக்கள் பின்னாளில் வந்தன. அவை 1873-இலும் தாராளமாக நுழையும் என்பதுதான் ஆபத்து. துப்பாக்கிக் கண்காட்சிகளில் கிடைக்கும் பழைய தோட்டாப் பெட்டிகளை அழகுக்கு வாங்குங்கள், சுடாதீர்கள்.

இனிச் சேகரிப்பு. 1923 வரை சுமார் 7,20,000 தயாரானதால் இது அரிய பொருள் அல்ல. 'ஆயிரத்தில் ஒன்று' என்று பொறித்து விற்ற சிறப்பு ரகம்தான் அரிது, சுமார் 130. விசைக்குப் பின்னால் அடிப்பட்டையில் உள்ள வரிசை எண்ணை வயோமிங்கின் கோடி துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினால், ஆலைப் பதிவேடு இருக்கும்பட்சத்தில், எந்த வடிவில், எப்போது வெளியே போனது எனக் கடிதம் தருவார்கள். .45 கோல்ட் தோட்டாவுக்கான 'அசல் 1873' என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். வின்செஸ்டர் அந்நாளில் அப்படி ஒன்றைச் செய்யவில்லை. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 1898 வரை செய்தவை பழம்பொருள் கணக்கில் வரும். மாநிலச் சட்டங்களைத் தனியே பார்க்க வேண்டும்.

விலையைக் கெடுப்பது துரு அல்ல, மெருகு. 2014-இல் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்த்தபடி 1882-ஆம் ஆண்டு ரைஃபிள் ஒன்று கிடைத்தது. வெயிலில் வெளுத்து வெடித்த மரம், துருப்பிடித்த இரும்பு. அடிக்கட்டைக்குள் இருந்த அறையில் ஒரு தோட்டா. கோடி அருங்காட்சியகத்தினர் மரம் மேலும் சிதையாமல் காத்தார்களே தவிர, அதைப் புதிதாக்கவில்லை. ஊர்ப்பட்டறையில் பூச்சேற்றிப் பளபளக்க வைத்த துப்பாக்கியை விட அது என் கண்ணுக்கு ஆயிரம் மடங்கு மேல்.

ஆகவே என் தீர்ப்பு: வாரந்தோறும் சுட வேண்டுமென்றால் இத்தாலியின் கார்டோனேயில் உபெர்ட்டி செய்யும் நகலையோ, வின்செஸ்டர் பெயரில் ஜப்பானின் மிரோகு செய்வதையோ வாங்குங்கள். அசல்தான் வேண்டுமென்றால் பூச்சு போன, புரி தேயாத, யாரும் கைவைக்காத ஒன்றைத் தேடுங்கள். பழந்துப்பாக்கி தெரிந்த ஒருவரிடம் இணைப்புத் தண்டுகளைச் சோதித்த பிறகு, கருப்பு மருந்தில் மட்டும் எப்போதாவது சுடுங்கள்.