சாக்ஸபோனுக்குப் பின்னால் யார்?

ஜாஸ் கேட்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் சாக்ஸபோனைத்தான் கேட்கிறார்கள். முன்னால் நின்று பேசுகிறவர் அவர்தானே. சில மாதங்கள் போனதும் ஒரு சலிப்பு தட்டும். எல்லா ஆல்பமும் ஒன்றுபோலவே காதில் விழும். அப்போது ஒரு காரியம் செய்து பாருங்கள். சாக்ஸபோனைக் கொஞ்ச நேரம் அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைக் கவனியுங்கள். பெரும்பாலும் அவர் பியானோக்காரராக இருப்பார். சில ஆல்பங்களில் கிதார்க்காரர். ஆள் மாறினால் முன்னால் வாசிப்பவரே மாறிவிடுகிறார் என்பது என் அனுபவம்.

பக்கவாத்தியம் நமக்குப் புதிதில்லை. கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனோடு வயலின் ஒட்டியே வரும். அவர் வாசித்ததை வாங்கித் திருப்பித் தரும். ஜாஸில் நடப்பது வேறு. அங்கே பின்னால் இருப்பவர் கார்ட்களைப் போடுகிறார். அதாவது நாலைந்து ஸ்வரங்களை ஒரே சமயத்தில், சாக்ஸபோன் மூச்சு விடும் இடம் பார்த்து, சில சமயம் வேண்டுமென்றே இடைமறித்து ஒலிக்க விடுகிறார். சாக்ஸபோன் பிடித்துக்கொண்டிருப்பது அதே ஸ்வரம்தான். அடியில் விழும் கார்ட் மாறியதும் சிரித்த முகம் வாடிவிடும். இந்த வேலைக்கு ஜாஸ்காரர்கள் வைத்திருக்கும் பெயர் காம்பிங்.

பழகுவதற்கு நல்ல ஆள் பால் டெஸ்மண்ட். கத்ரி வாசித்த அதே ஆல்டோ ரகம்தான், ஆனால் குரலை உயர்த்தாமலே பேசி முடிக்கிற மனிதர். பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழுவில் 1951 முதல் 1967 வரை இருந்தார். அந்தக் குழு 1958இல் அமெரிக்க அரசு ஏற்பாடு செய்த பயணத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும்கூட வாசித்துவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த ஆண்டு பதிவானதுதான் ‘டைம் அவுட்’ ஆல்பம். அதில் டெஸ்மண்ட் எழுதிய ‘டேக் ஃபைவ்’. பெயர் தெரியாதவர்களுக்கும் மெட்டு தெரிந்திருக்கும்.

இந்த முறை அதில் மெட்டைக் கேட்காதீர்கள். பியானோவை மட்டும் கேளுங்கள். நம் கண்ட சாபு இரண்டும் மூன்றுமாகப் போகும். இது மூன்றும் இரண்டுமாகப் போகிற ஐந்து. தொடக்கத்தில் பியானோ பிடிக்கிற அந்த ஐந்தெண்ணிக்கைச் சுழலை புரூபெக் விடுவதே இல்லை. டெஸ்மண்ட் தனியாகக் கற்பனை செய்யும்போதும் அதே சுழல், ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனியிலும் அதே சுழல். பியானோவுக்குத் தனி என்று ஒன்று அந்தப் பதிவில் கிடையாது. ஆட்டுக்கல் சுற்றுவதுபோல ஒரே சீர். அதன்மேல் டெஸ்மண்ட் என்ன செய்கிறார்? சின்னச் சின்னதாகப் பேசுகிறார். ஒரு வரி, ஒரு நிறுத்தம். நிறுத்திய இடத்தைப் பியானோ நிரப்பிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து ‘டேக் டென்’. 1963. இதுவும் டெஸ்மண்டே எழுதியது, இதுவும் ஐந்தெண்ணிக்கை. பியானோ கிடையாது, கிதாரில் ஜிம் ஹால். டெஸ்மண்ட் தன் பெயரில் போடும் ஆல்பங்களில் வேறு பியானோக்காரரைச் சேர்ப்பதில்லை என்று அவருக்கும் புரூபெக்குக்கும் ஒரு பேச்சு இருந்ததாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஒப்பிட்டுக் கேட்க இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது: ஒரே ஆள், ஒரே கணக்கு, பின்னணி மட்டும் வேறு.

ஹால் தொட்டுவிட்டு விலகிவிடுகிறார். கார்ட் விழுகிறது, தேய்கிறது, அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டெஸ்மண்ட் தொடங்கிய வாக்கியத்தை அவரே முடித்தாக வேண்டும். அதனால் வரிகள் நீள்கின்றன, வளைந்து திரும்புகின்றன. வரி முடியும் இடங்களைக் குறிவைத்துக் கேளுங்கள். வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

காரணம் வாத்தியங்களின் உடம்பிலேயே இருக்கிறது. பியானோவுக்கு 88 கட்டைகள், பத்து விரல்கள், மிதித்தால் ஒலியை நிறுத்திவைக்க ஒரு பெடல். கிதாருக்கு ஆறே தந்திகள். ஜாஸ் கிதார்க்காரர்கள் அதிலும் மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்வார்கள். மீட்டிய கணமே ஒலி கரையத் தொடங்கிவிடும். கவுண்ட் பேஸியின் குழுவில் 1937 முதல் ஏறக்குறைய 50 ஆண்டுகள் இருந்த ஃபிரெடி கிரீன், மின்சாரம் இல்லாத கிதாரில் ஓர் ஆவர்த்தத்துக்கு நாலு தட்டு என்று தட்டிக்கொண்டே வாழ்க்கையை முடித்தவர். பல சமயம் அவர் கையில் ஒலித்தது ஒற்றைத் தந்திதான் என்பார்கள். அந்தக் குழுவின் சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங் ஏன் அவ்வளவு மிதப்பாக வாசித்தார் என்பதற்குப் பாதி பதில் அங்கே இருக்கிறது.

சாக்ஸபோன்காரர் சோனி ராலின்ஸிடம் போனால் மூன்று படிகள் கிடைக்கும். 1956இல் ‘சாக்ஸபோன் கொலோசஸ்’: பின்னால் டாமி ஃபிளானகனின் பியானோ, மரியாதையாக வழிவிட்டு வாசிப்பவர். 1957இல் ‘வே அவுட் வெஸ்ட்’: பியானோவும் இல்லை, கிதாரும் இல்லை; பேஸும் டிரம்ஸும் மட்டும். கார்ட்டையும் அவரே தன் வரிக்குள் சொல்லிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. பிறகு 1959இல் மேடையை விட்டு ஒதுங்கி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின்மேல் நின்று சாதகம் செய்தார். திரும்பி வந்து 1962இல் போட்ட ஆல்பத்துக்குப் பெயரே ‘தி பிரிட்ஜ்’. திரும்பி வந்தவர் கூட அழைத்துக்கொண்டது பியானோக்காரரை அல்ல, அதே ஜிம் ஹாலை. ராலின்ஸின் டெனர் சாக்ஸபோன் பெரிய சாரீரம். ஹால் தாழ்ந்த குரல். ஒருவர் கத்தினால் மற்றவரும் கத்த வேண்டியதில்லை என்பதற்கு இந்த ஆல்பம் போதும்.

இதைப் படித்துவிட்டு பியானோவைக் குறைத்து எடைபோட்டால் பழி எனக்கு வரும். ஜான் கோல்ட்ரேனுக்குப் பின்னால் மக்காய் டைனர் இருக்கும்போது கிதார் நினைவுக்கே வராது. ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பதிவில் பியானோ திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சுற்ற, அந்தச் சுற்றின் பலத்தில்தான் சாக்ஸபோன் அவ்வளவு உயரம் ஏறுகிறது. அந்தக் கோல்ட்ரேனே 1961இல் ‘சேசிங் த டிரேன்’ வாசித்தபோது பியானோ முழுக்கச் சும்மா இருந்தது. அதுவும் ஒரு பக்கவாத்தியம்தான். கென்னி பரல் என்ற கிதார்க்காரரோடு அவர் மட்டும் வாசித்த ‘வை வாஸ் ஐ பார்ன்’ வெறும் மூன்று நிமிடம். வேறு யாரும் இல்லை. அந்த முரட்டு மனிதர் எவ்வளவு மெதுவாக அடி வைக்கிறார் என்று பாருங்கள்.

கனமாக, விடாமல் ஏறிப் போகிற சாக்ஸபோனுக்குப் பியானோ. மெலிதாகப் பேசுகிறதற்குக் கிதார். இது என் கட்சி. கட்சியைக் கவிழ்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள். டெஸ்மண்டின் கடைசிக் காலத்தில் அவரோடு வாசித்த கனடாக்காரர் எட் பிக்கர்ட், கன்ட்ரி பாடகர்களும் ராக் குழுக்களும் கையில் எடுக்கிற டெலிகாஸ்டர் கிதாரில் கார்ட் போட்டார். டொராண்டோவில் 1975இல் பதிவான கச்சேரியைக் கேட்டால் சில இடங்களில் பியானோதான் என்று சத்தியம் செய்வீர்கள்.

இன்னொன்று. ‘டேக் டென்’னை மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ஹாலின் கிதார் அதில் பாதி காணாமல் போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு கேளுங்கள்.