இயங்கியல் நடத்தைச் சிகிச்சை: பலமும் போதாமையும்

பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுக்கான உளவியல் சிகிச்சைகளில் மிக அதிகமாக ஆராயப்பட்டது இயங்கியல் நடத்தைச் சிகிச்சை. மனநலத் துறையில் இருப்பவர்கள் அதைச் சுருக்கமாக டிபிடி என்பார்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லினஹன் இதை வடிவமைத்தார். முதல் சோதனையின் முடிவு 1991-இலும், பாடநூல் 1993-இலும் வெளிவந்தன. நோயாளி செத்துப்போகாமல் இருந்தால் மட்டும் போதாது, வாழத் தோன்றுகிற ஒரு வாழ்க்கை அவருக்கு அமைய வேண்டும் என்பது லினஹன் தன் முறைக்கு வைத்துக்கொண்ட இலக்கு. அந்த இலக்கை வைத்தே இந்த முறையை எடைபோடுவதுதான் நியாயம்.

இந்தக் கோளாறு 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-இன் மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது. இப்போதைய பதிப்பு ஒன்பது அறிகுறிகளைச் சொல்லி, அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்கிறது: கைவிட்டுவிடுவார்களோ என்ற ஓயாத பயம், ஒரே ஆளை இன்று தெய்வமாகவும் நாளை துரோகியாகவும் பார்க்கும் உறவு, தான் யார் என்பதிலேயே தடுமாற்றம், யோசிக்காமல் செய்துவிடும் ஆபத்தான காரியங்கள், திரும்பத் திரும்ப வரும் தற்கொலை முயற்சி அல்லது தற்காயம், சில மணி நேரத்தில் புரண்டுவிடும் மனநிலை, தீராத வெறுமை, கட்டுக்கடங்காத கோபம், நெருக்கடி முற்றும்போது வரும் அதீத சந்தேகம் அல்லது தன்னிலிருந்தே விலகிப்போன உணர்வு. பைபோலார் நோயில் மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். பார்டர்லைனில் அது மாற ஒரு போன் அழைப்பு போதும். இந்த வேகம்தான் பார்ப்பவர்களுக்கு நடிப்பாகத் தெரிகிறது. “டிராமா போடுறா”, “எல்லாம் திமிர்” என்ற பேச்சு வீட்டில் மட்டுமல்ல, மருத்துவமனை வார்டிலும் கேட்கும்.

டிபிடி செய்த முதல் நன்மை இந்தப் பேச்சுக்கு எதிராக ஒரு விளக்கத்தை நிறுத்தியது. சிலருக்குப் பிறவியிலேயே உணர்ச்சி சட்டென்று மூள்கிறது, மற்றவர்களைவிட உயரத்துக்குப் போகிறது, தணிய வெகுநேரம் பிடிக்கிறது. அப்படிப்பட்ட குழந்தை, “இதுக்கெல்லாமா அழுவாங்க?” என்று தட்டிக்கழிக்கும் சூழலில் வளர்ந்தால் தன் உணர்ச்சிக்குப் பேர் சொல்லவும் கற்பதில்லை, அதைத் தணிக்கவும் கற்பதில்லை. உச்சத்துக்குப் போனால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்பதை மட்டும் கற்றுக்கொள்கிறது. இந்தக் கணக்கில் தற்காயம் தந்திரமோ மிரட்டலோ அல்ல. தாங்க முடியாத நிலையை இறக்க வேறு வழி தெரியாதவர் கண்டுபிடித்த வழி அது. தெரியாததைக் கற்றுக்கொடுக்கலாம் என்பதுதான் சிகிச்சையின் அடித்தளம். லினஹனுக்கு இது வெறும் கோட்பாடு அல்ல. 1961-இல், பதினேழு வயதில், கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் உள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிவிங் என்ற மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டுக்கு மேல் அங்கே இருந்தவர் அவர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2011-இல், அதே மருத்துவமனைக்குப் போய் அதை வெளிப்படையாகச் சொன்னார்.

இந்த விளக்கம் நோயாளியின் மேல் இருந்த பழியை இறக்கியது. ஆனால் இறக்கிய பழி பல இடங்களில் அம்மா அப்பாவின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. பிறவிக் கூறும் சூழலும் ஒன்றை ஒன்று தூண்டிவிடுகின்றன என்றுதான் லினஹன் எழுதினார். சுவீடன் நாட்டு மக்கள் பதிவேடுகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு மரபுவழிப் பங்கை 46 சதவீதமாக மதிப்பிட்டது. மற்ற பிள்ளைகளை எந்தக் குறையும் இல்லாமல் வளர்த்த பெற்றோர் ஒரு பிள்ளையின் சீற்றத்தின் முன் செய்வதறியாமல் கடிந்துகொண்டதை, நோய்க்குக் காரணமே அதுதான் என்று படித்துவிடுவது எளிது. அது தவறும்கூட. குடும்பத்தை எதிரியாக்கிவிட்டால், வாரத்தில் மிச்சமுள்ள ஆறு நாளும் நோயாளி யாரோடு இருக்கிறாரோ அவர்களைச் சிகிச்சை இழந்துவிடும்.

முழுமையான டிபிடி வழக்கமாக ஓராண்டு நடக்கும். வாரம் ஒரு தனி அமர்வு, வாரம் ஒருமுறை ஏறக்குறைய இரண்டரை மணி நேரக் குழு வகுப்பு, நெருக்கடியில் தெரபிஸ்டைப் போனில் கூப்பிடும் வசதி, தெரபிஸ்டுகள் தங்களுக்குள் கூடிப் பேசும் கூட்டம் என்று நான்கு அங்கங்கள். அமர்வில் எதை முதலில் பேசுவது என்பதற்கும் வரிசை உண்டு. உயிருக்கு ஆபத்தானது முதலில், சிகிச்சையையே குலைப்பது அடுத்து, வாழ்க்கைத் தரம் அதன் பிறகு. நோயாளி தினமும் ஓர் அட்டையை நிரப்பிக் கொண்டுவர வேண்டும். துக்கம், வெட்கம், கோபம், காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், அன்று எந்தப் பயிற்சியைக் கையாண்டார் என்பதற்கு ஒரு குறி.

இந்த முறையின் உயிர்நாடி சங்கிலி ஆய்வு. செவ்வாய் இரவு ஒரு பெண் தன்னைக் காயப்படுத்திக்கொண்டாள் என்று வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை அமர்வில் “ஏன் அப்படிச் செய்தாய்?” என்ற கேள்வி வராது. அன்றைய நாள் நேரப்படி விரிக்கப்படும். முந்தைய இரவு தூக்கம் மூன்று மணி நேரம். மதியம் சாப்பிடவில்லை. ஏழு மணிக்குத் தோழிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. ஏழே காலுக்கு “கழட்டி விடப் பார்க்கிறாள்” என்ற எண்ணம், நெஞ்சில் படபடப்பு. ஏழரைக்கு வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு செய்திகள், கடைசி இரண்டும் வசை. எட்டு மணிக்குத் தான் எழுதியதைத் தானே படித்ததும் பொங்கிய வெட்கம். காயம் அதற்குப் பிறகுதான். அது முடிந்ததும் மனம் அடங்கியது, தோழியும் பதறி ஓடிவந்தாள். இந்த இரண்டும் அடுத்த முறைக்கான விதை. ஒவ்வொரு கண்ணியிலும் வேறு என்ன செய்திருக்கலாம் என்று இருவரும் தேடுவார்கள். கோபத்தில் செய்தது என்று எல்லோரும், அவளும்கூட, நம்பியிருந்த காரியத்தைத் தள்ளிவிட்டது எட்டு மணி வெட்கம் என்பது இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பும் எத்தனை கவுன்சலிங்கும் இந்த இடத்துக்கு வந்து சேராது.

வகுப்பில் கற்றுத்தரும் பயிற்சிகள் நான்கு தொகுதிகள்: நடப்பதை அப்படியே கவனிப்பது, துயரத்தைத் தாங்குவது, உணர்ச்சியைச் சீராக்குவது, உறவில் கேட்கவும் மறுக்கவும் பழகுவது. முதல் தொகுதியில் லினஹன் பயின்ற ஜென் தியான மரபின் தடம் இருக்கிறது. இரண்டாவது தொகுதியில் முழுக்க முழுக்க உடலைச் சார்ந்த உத்தி ஒன்று உண்டு. ஒரு பாத்திரத்தில் குளிர்ந்த நீரை நிரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சில நொடிகள் அமிழ்த்துவது. நீரில் மூழ்கும்போது பாலூட்டிகளின் இதயத் துடிப்பு தானாகக் குறையும் அனிச்சைச் செயலை இது தூண்டுகிறது. எந்த அறிவுரையும் காதில் ஏறாத உச்சத்தில்கூட இது வேலை செய்யக்கூடும் என்பதே இதன் அருமை. இதய நோயோ உணவுக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

பலனுக்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. 1991 சோதனையில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட டிபிடி பெற்ற பெண்களிடம் தற்காயம் குறைந்தது, மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறைந்தன, பாதியில் விட்டுப் போனவர்களும் குறைவு. 101 பெண்களை வைத்து 2006-இல் வெளியான அடுத்த பெரிய சோதனையில், தேர்ந்த தெரபிஸ்டுகளிடம் வேறு சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது தற்கொலை முயற்சி பாதியாக இருந்தது. பார்டர்லைனுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2009-இல் தந்த வழிகாட்டுதல், இந்தக் கோளாறுக்காகவே மருந்து கொடுக்க வேண்டாம் என்றும், தற்காயத்தைக் குறைப்பது முதன்மையாக இருக்கும் பெண்களுக்கு டிபிடியைப் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது.

இதே சான்றுகளை இன்னும் நெருங்கிப் படித்தால் குறைகளும் தெரிகின்றன. 1991-இலேயே மனச்சோர்விலும் நம்பிக்கையின்மையிலும் தற்கொலை எண்ணத்திலும் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டிலும் ஓரளவு குறைந்தது, அவ்வளவுதான். செயல் மாறியது, உள்ளே இருந்த துன்பம் அதே அளவுக்கு மாறவில்லை. தொடக்கச் சோதனைகள் முறையை உருவாக்கியவரின் குழுவே நடத்தியவை, பெரும்பாலும் பெண்களை மட்டும் வைத்து. டொரண்டோவில் ஷெல்லி மெக்மெய்ன் குழு 180 பேரை வைத்து நடத்திய சோதனை 2009-இல் வந்தது. அதில் டிபிடியின் எதிரே நின்றது, பார்டர்லைனைப் புரிந்துகொண்ட மனநல மருத்துவர்கள் ஒழுங்காக நடத்தும் பொதுச் சிகிச்சை. ஓராண்டு முடிவில் இரு தரப்பும் நன்றாகத் தேறின, இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. டிபிடி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நோயாளியை நம்பி, ஒரே ஆள் தொடர்ந்து, திட்டத்தோடு பார்ப்பதுதான் பலனில் பெரும்பங்கு என்றே கொள்ள வேண்டும். எந்த அங்கம் வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்த லினஹனின் 2015 ஆய்வும் இதை ஒட்டியே வந்தது. ஒப்பிட்ட மூன்று பிரிவுகளில், பயிற்சி வகுப்பு இருந்த இரண்டில் தற்காயமும் மனச்சோர்வும் கூடுதலாகக் குறைந்தன. தற்கொலை முயற்சி மூன்று பிரிவுகளிலும் ஒரே போலக் குறைந்தது.

எல்லாவற்றையும்விடக் கனமான குறை வேறு. டொரண்டோ நோயாளிகளைச் சிகிச்சை முடிந்த பின் மேலும் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, தற்காயம் குறைந்தது குறைந்தபடியே இருந்தது, ஆனால் பாதிக்கும் மேற்பட்டோர் வேலையிலும் இல்லை, படிப்பிலும் இல்லை. பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையில் மேரி சனாரினி 290 நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் இரண்டு ஆண்டாவது விலகியிருந்தன. அதோடு நல்ல உறவும் நிலையான வேலையும் அமைந்து மீண்டவர்கள் பாதிப்பேர்தான். அறிகுறி விலகுவது பெரும்பாலோருக்கு நடக்கிறது என்பது மிகப் பெரிய நம்பிக்கை, இந்த நோயறிதலைக் கேட்டு உடைந்துபோகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல் நாளே சொல்லப்பட வேண்டிய செய்தி. ஆனால் வாழத் தோன்றும் வாழ்க்கை என்ற இலக்கில் சிகிச்சை பாதி வழியில் நிற்கிறது என்பதும் அதே எண்களில் இருக்கிறது.

விதிகளிலும் கரடுமுரடு உண்டு. காயப்படுத்திக்கொண்ட பின் 24 மணி நேரம் தெரபிஸ்டைக் கூப்பிடக் கூடாது, காயத்துக்கு முன்னால் கூப்பிட வேண்டும். காயம் கவனிப்பைச் சம்பாதித்துத் தரக் கூடாது என்ற தர்க்கம் புரிகிறது. ஆனால் கைவிடப்படுவோம் என்ற பயமே நோயாக இருப்பவருக்கு மிக மோசமான இரவில் அந்தக் கதவு சாத்தியிருக்கிறது. அனுபவமுள்ள தெரபிஸ்ட் இதை முன்கூட்டியே பேசி, உயிராபத்துக்கு வேறு வழி வைத்திருப்பார். விதியை மட்டும் பிடித்துக்கொள்பவரிடம் அது தண்டனை ஆகிவிடும். “பயிற்சியைச் செய்தீர்களா?” என்ற கேள்வியும் அப்படித்தான். தினமும் எந்திரம்போலக் கேட்டால், சின்ன வயதில் கேட்ட “இதுக்கெல்லாமா அழுவாங்க”வின் மறுபதிப்பு அது.

இதைவிட ஆபத்தானது, இருப்பதை முழுமையாக ஏற்றுக்கொள்வது என்ற பாடத்தை அரைகுறையாகக் கற்றுத்தருவது. அடிக்கும் கணவனோடு இருக்கும் பெண்ணின் கோபம் நோய் அல்ல. லினஹனின் முறை உணர்ச்சி நிலவரத்துக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது, பொருந்தினால் நிலவரத்தை மாற்றச் சொல்கிறது. இரண்டு நாள் பயிலரங்குகளில் இந்தப் பகுதி உதிர்ந்துபோய், மூச்சைக் கவனித்து அமைதியாகு என்பது மட்டும் மிஞ்சுகிறது. சிறுவயதுக் கொடுமையின் நினைவுகளைப் பிந்தைய கட்டத்துக்குத் தள்ளிவைத்ததும் பழைய டிபிடியின் குறை. மெலனி ஹார்னெட், ஜெர்மனியின் மார்ட்டின் போஹுஸ் போன்றோர் அந்த நினைவுகளை நேரடியாகக் கையாளும் வடிவங்களைப் பின்னர் உருவாக்கினர்.

இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. நான்கு அங்கங்களும் உள்ள முழு டிபிடி பெருநகரங்களில் சிலருக்கு மட்டுமே கட்டுப்படியாகும். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 இரவிலும் எடுக்கிறது, தமிழிலும் பேசலாம். தற்கொலை எண்ணம் நெருக்கும் வேளையில் அது கட்டாயம் பயன்படுத்த வேண்டிய எண். ஆனால் எதிர்முனையில் நோயாளியை அறிந்த ஆள் இல்லை, அவருடைய செவ்வாய்க்கிழமைச் சங்கிலி தெரிந்த ஆள் இல்லை. அந்த இடத்தை இங்கே நிரப்பக்கூடியது குடும்பம். கல்யாணம் வரை, பல வீடுகளில் அதற்குப் பிறகும், பிள்ளைகள் பெற்றோரோடு இருக்கும் ஊரில் வீட்டாருக்கும் பயிற்சி தேவை. ஆலன் ஃப்ரூசெட்டியும் பெர்ரி ஹாஃப்மனும் டிபிடியை ஒட்டி உருவாக்கிய ஃபேமிலி கனெக்‌ஷன்ஸ் பன்னிரண்டு வாரப் பாடம். பயிற்சி பெற்ற குடும்பத்தாரே அதை மற்ற குடும்பங்களுக்கு நடத்தலாம் என்பதால் மருத்துவர் பற்றாக்குறை அதை முடக்காது. அங்கே கற்பது, பிள்ளை சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது அல்ல. “அவ பதில் போடாதது உனக்கு எவ்வளவு பயமா இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு, அந்த வசைச் செய்தியை அனுப்பியது சரி என்று சொல்லாமல் இருப்பது.

சிகிச்சையின் நீளத்தையும் மறுபடி கணக்குப் போடலாம். மெக்மெய்ன் குழு 240 பேரை வைத்து 2022-இல் வெளியிட்ட சோதனையில், ஆறு மாத டிபிடி பன்னிரண்டு மாத டிபிடிக்குத் தற்காயத்தைக் குறைப்பதில் பின்தங்கவில்லை. அப்படியானால் மிச்சமாகும் ஆறு மாதத்தை மேலும் பயிற்சித் தாள்களுக்குச் செலவிடத் தேவையில்லை. பாதியில் நின்ற படிப்பைத் தொடர, அரைநாள் வேலையிலாவது சேர்ந்து முதல் மாதம் முதலாளியின் ஒரு கடுஞ்சொல்லில் விட்டுவிடாமல் இருக்க, முறிந்த உறவில் ஒன்றையாவது சீராக்க, தெரபிஸ்ட் கூடவே இருந்து உதவும் காலமாக அதை மாற்றலாம். டொரண்டோவும் மெக்லீனும் காட்டிய குறை இருப்பது அங்கேதான்.