கழற்சிக்காயும் காலை நடையும்

மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவது, முகவாயில் ரோமம் முளைப்பது, கருத்தரிப்பதில் தாமதம், மாதவிடாய் நிற்கும் வயதில் திடீர் வெப்பமும் வியர்வையும் ஆகிய எல்லாமே இன்று ‘ஹார்மோன் பிரச்சினை’ என்ற ஒரே தலைப்பில் பேசப்படுகின்றன. இவற்றுக்கு உணவு, நடை, தூக்கம் ஆகியவற்றோடு ஒரு மூலிகைப் பொடியையும் சேர்த்துச் சொல்வது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். இந்த வழக்கத்தின் ஒரு பாதி சான்று உடையது. மறுபாதி, முதல் பாதி ஈட்டிய நற்பெயரில் காலம் தள்ளுகிறது.

இதை உரசிப் பார்க்க ஏற்ற நோய், பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய். 1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தனர். ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால் இந்நோய் என்பது 2003இல் ராட்டர்டாமில் வகுத்த வரையறை. பலரிடம் இதன் அடியில் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு. இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது உடல் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. கருமுட்டைப் பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் முத்து கோத்ததுபோல் தெரிபவை இந்த நின்றுபோன பைகளே. அவை கட்டிகள் அல்ல. ஆகவே ‘கட்டியைக் கரைக்கும்’ மருந்துக்குக் கரைக்க அங்கே எதுவும் இல்லை.

இன்சுலின்தான் முடிச்சு என்பதால் வாழ்க்கைமுறை மாற்றம் இங்கே சிகிச்சையாகவே வேலை செய்கிறது. எடை கூடிய பெண்களில் 5 முதல் 10 சதவீதம் எடை குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை வெளிப்படுவது திரும்புகிறது; 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 4 கிலோவில் தொடங்கும் கணக்கு. உழைக்கும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமல் இரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். எடை இறங்காவிட்டாலும் நடைக்குப் பலன் இருப்பது இதனால்தான். எந்த உணவுமுறையும் மற்றொன்றைவிடச் சிறந்ததென நிறுவப்படவில்லை என்கிறது 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டு நெறிமுறை. தட்டில் சோற்றைக் குறைத்து, பருப்பு, சுண்டல், கீரை, முட்டையைக் கூட்டுவது நல்ல தொடக்கம்.

இந்தப் பாதிக்கும் குறை உண்டு. ஒல்லியான பெண்களுக்கும் இந்நோய் வரும். அவர்களிடம் ‘வெயிட்டைக் குறை’ என்பதில் பொருளில்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, பேருந்தில் வேலைக்குப் போய், இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு அரைமணி நடை, எட்டு மணி நேரத் தூக்கம் என்று சீட்டு எழுதுவது எளிது. அந்த நேரத்தை யார் தருவது என்பது சீட்டில் இருக்காது. பலன் கிடைக்காதபோது பழி மட்டும் அவள்மீது விழும்.

மரபு உணவிலும் ஆள் பார்த்தே பரிமாற வேண்டும். பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி கொடுப்பது நல்ல வழக்கம்தான். உளுந்தில் ஏறக்குறைய கால்பங்கு புரதம். ஆனால் கருப்பட்டிப் பாகும் தாராளமான நல்லெண்ணெயும் சேர்ந்தால்தான் அது களி. மெலிந்த உடம்போடு ஓடியாடி வேலை செய்த பெண்ணுக்கு அது ஊட்டம். இன்சுலின் எதிர்ப்போடு பள்ளியிலும் டியூஷனிலும் உட்கார்ந்தே பொழுது போக்கும் பெண்ணுக்குத் தினமும் கொடுத்தால் சுமை. கருப்பட்டியானாலும் உடம்புக்கு அது சர்க்கரைதான்.

மூலிகைகளில் முதலிடம் கழற்சிக்காய்க்கு. சங்ககாலப் பெண்கள் கழங்காடியது இதை வைத்துத்தான் என்பர். சாம்பல் நிறக் கெட்டி ஓட்டை உடைத்து, உள்ளிருக்கும் கடுங்கசப்பான பருப்பை மிளகோடு பொடித்து, காலையில் வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் குடிக்கிறார்கள். சித்த மருத்துவம் இதை வீக்கங்களுக்கு, குறிப்பாக விரைவீக்கத்துக்குப் பயன்படுத்தி வந்தது. பிசிஓஎஸ் மருந்து என்ற புகழ் பிற்பாடு வந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் எலிகளிடம் நடந்த ஆய்வுகள்.

வெந்தயத்தில் ஹார்மோன் இருப்பதாகச் சொல்வதற்கு ஒரு வேர் உண்டு. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர், மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த டயோஸ்ஜெனின் என்ற பொருளைக் கொண்டு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தயாரித்தார். அதே டயோஸ்ஜெனின் வெந்தயத்திலும் இருக்கிறது. ஆனால் மார்க்கர் ஆய்வகத்தில் படிப்படியாகச் செய்த மாற்றத்தை மனித உடலால் செய்ய இயலாது. வெந்தயத்தின் பயன் அதன் நார்ச்சத்தில், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகத்தை அது மட்டுப்படுத்துவதில் இருக்கிறது.

முறையாகச் சோதிக்கப்பட்ட மூலிகைகளும் இல்லாமலில்லை. நொச்சியின் ஐரோப்பிய உறவான வைடெக்ஸ் அக்னஸ்காஸ்டஸ் பழச்சாரத்தை, மாதவிடாய்க்கு முந்தைய உபாதைகள் உள்ள 170 பெண்களிடம் சோதித்த ஜெர்மானிய ஆய்வு 2001இல் வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 52 சதவீதத்தினரும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 24 சதவீதத்தினரும் தேறினர். நம் ஊர் நொச்சிக்கு இந்த முடிவைப் பொருத்த முடியாது, செடி வேறு. இங்கே கவனிக்க வேண்டியது அந்த 24 சதவீதம். ஒன்றுமே இல்லாத மாத்திரையில் நாலில் ஒருவர் தேறினால், ‘எனக்குச் சரியாயிற்று’ என்ற அனுபவ சாட்சியம் எந்தப் பொடிக்கும் கிடைக்கும். பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சுழற்சி முன்பின்னாக இருந்து தானாகவே சீராவதும் இயல்பு. கூடவே நடந்து, இரவுச் சாப்பாட்டைக் குறைத்தவளுக்குப் பலன் எதனால் வந்தது என்று பிரித்தறிய வழியே இல்லை. பெயரை மட்டும் பொடி வாங்கிக்கொள்கிறது.

‘பக்கவிளைவு இல்லை’ என்பதும் உண்மையன்று. அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகம் எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அமுக்கரா தைராய்டு அளவை மாற்றக்கூடும். அரிதாகக் கல்லீரலையும் தாக்கியிருக்கிறது. பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த 2004ஆம் ஆண்டின் ஆய்வில், 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு காலதாமதம். மாதவிடாயைத் தள்ளிப்போடக்கூடிய தைராய்டுக் குறைபாட்டையும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் மிகுதியையும் கழற்சிக்காய் தீர்க்காது. மாதக்கணக்கில் மாதவிடாய் வராமலே இருந்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்து, நாளடைவில் புற்றுநோய்க்கும் இடமாகலாம்.

மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டமே தடை செய்கிறது. சட்டத்தைப் பற்றிய கவலை விளம்பரங்களில் தெரிவதில்லை.

நடையையும் உணவு மாற்றத்தையும் தொடங்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூன்று மாதமாகியும் மாதவிடாய் வராதவர்களும், மாதவிடாய் அடியோடு நின்றபின் மறுபடி இரத்தம் காண்பவர்களும் பொடி வாங்குமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பொடி சாப்பிட்டிருந்தால் அதன் பெயரையும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.